வாவிக்கு அங்கால் வராத வயர்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் முக்கால்வாசி இன்டர்நெட் பற்றித்தான். வழக்கமாக வரும் உர மானியக் கேள்விகள்கூடக் குறைவு. முப்பது வருஷம் தொலைபேசி வயரோடு கிடந்தவன் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் கட்டி என்னிடமே அனுப்பிவிட்டார். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள், அதனால் ஊர் மட்டும்.

கேள்வி: எங்கட முற்றத்தில் நின்றால் ஆற்றுக்கு அங்கால் டவரின் சிவப்பு லைட் நல்லாத் தெரியுது. ஆனால் மகள் சூம் வகுப்புக்கு வேப்ப மரத்தடிக்குத்தான் போக வேண்டியிருக்கு. ஃபைபர் கேட்டால் "உங்கட ஏரியாவுக்கு இன்னும் வரல்ல" என்று மூன்று வருஷமாக ஒரே பதில். ஓ.எல் வருது. என்ன செய்யலாம்? (ஒரு தாய், படுவான்கரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை)

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் போன மாரியில் வெல்லாவெளிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனது ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் கைப்பேசியை ஒரு சொப்பிங் பையில் போட்டு, பையின் காதை முடிந்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னலின் மேல் மூலையில்தான் இரண்டு கோடு வரும், ஒரு சாண் இறங்கினால் ஒரு கோடும் இல்லை. பிள்ளை கீழே பாயில் இருந்து, ஹொட்ஸ்பொட் போட்ட இன்னொரு பழைய போனில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத்துளி தெறிக்கும்போதெல்லாம் எழும்பி அந்தப் பையைத் துடைத்துவிட்டு வந்து இருந்தாள். ஒரு மணித்தியால வகுப்பில் ஆறேழு தடவை எழும்பியிருப்பாள்.

முதலில் டவர் விஷயம். லைட் தெரிவதும் சிக்னல் கிடைப்பதும் ஒன்றல்ல. டவர் பத்துக் கணக்கான வாட் சக்தியில் அனுப்புகிறது, அது உங்கள் வீடு வரைக்கும் வந்துவிடும். உங்கள் கைப்பேசி திருப்பி அனுப்புவது அதிகபட்சம் 0.2 வாட் அளவுதான், அது டவரைப் போய்ச் சேர வேண்டுமே. மண்முனையில் பாலம் வருவதற்கு முன், 2014க்கு முந்திய காலத்தில், வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்காகத் துறையில் காத்து நின்றவர்களுக்கு இது புரியும். அக்கரையில் நிற்கிற பெரிய ஆள் கத்தினால் நமக்குக் கேட்கும், இங்கிருந்து சின்னப் பிள்ளை கூப்பிட்டால் பாதி வழியில் காற்றோடு போய்விடும். அதிலும் வீட்டு 4ஜி ரவுட்டர்கள் 2300, 2600 மெகாஹேர்ட்ஸ் மாதிரி உயர்ந்த அலைவரிசைகளில் ஓடினால் தூரம் இன்னும் குறையும், ஒரு சின்னத் தோப்பே மறைத்துவிடும். 900 மெகாஹேர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அதில் இடம் குறைவு, ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இரவு ஏழு மணிக்கு ஒன்றாக ஏறினால் நெரிந்துவிடும்.

சரி, ஃபைபருக்கு வருவோம். எல்லோரும் கண்ணாடி இழைதான் விலை என்று நினைக்கிறார்கள். இழை மலிவு. காசு போவது தூணுக்கும், குழி வெட்டுவதற்கும், கூலிக்கும், அனுமதிக்கும். நிலையத்திலிருந்து வரும் ஒரு இழையைப் பிரித்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ கொடுக்கலாம், 20 கிலோமீற்றர் வரை தாங்கும். கல்லடியிலோ காத்தான்குடியிலோ ஒரே ஒழுங்கைக்குள் 32 வீடு அகப்படும், ஏழெட்டுத் தூண் நட்டால் வேலை முடிந்தது. உங்கள் பக்கத்தில் 32 வீட்டைச் சேர்க்க நடுவில் எத்தனை வயல், எத்தனை வாய்க்கால், எத்தனை மதகு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கம்பனி அதே மாதக் கட்டணத்தைத்தான் உங்களிடமும் வாங்கும், போட்ட முதலை எடுக்க அதற்குப் பல மடங்கு காலம் பிடிக்கும். அதனால்தான் "இன்னும் வரல்ல" என்ற பதில். தொழில்நுட்பத்தால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கணக்குத்தான் அவர்களைத் தடுக்கிறது.

அடுத்தது அனுமதி, இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, அதற்கு அடுத்த தர வீதி மாகாணத்துக்கு, ஊர் ஒழுங்கை பிரதேச சபைக்கு, குளக்கட்டு வழியாகப் போனால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் வனத் திணைக்களமும் வரும். ஐந்து கிலோமீற்றர் வயருக்கு நாலு இடத்தில் கடிதம், நாலு இடத்தில் கட்டணம், வெட்டிய வீதியைத் திருப்பிப் போட வைப்புப் பணம் வேறு. அப்புறம் வீதியை அகலமாக்குகிறேன் என்று வரும் பெக்கோ இயந்திரம், புதைத்த வயரையும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டு போகும். யுத்தம் முடிந்த பிறகு நம் பக்கத்தில் எத்தனை வீதிகளுக்குக் காபட் போட்டார்கள், எத்தனை பாலம் கட்டினார்கள்! அந்த ஒவ்வொரு வேலையிலும் தார் ஊற்றும் முன் ஓரமாக ஒரு வெறும் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்திருந்தால் போதும், இன்றைக்கு எந்தக் கம்பனி வந்தாலும் அதற்குள் இழையைத் தள்ளிவிட்டுப் போயிருக்கும். வீதி போடும் செலவோடு பார்த்தால் அந்தக் குழாய்க்கு ஆகும் காசு ஒன்றுமே இல்லை. இனிமேல் போடப்போகும் வீதிகளிலாவது இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, பிரதேச அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

உங்கள் மகளுக்கு இப்போதைக்கு ஒரு வழி: 4ஜி ரவுட்டர் வைத்திருந்தால் அதன் பின்பக்கம் அன்டெனா குத்தும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளி அன்டெனா ஒன்றை வாங்கி, நீளமான கமுகந்தடியில் கட்டி, கூரைக்கு மேலே டவர் பக்கம் திருப்பி வையுங்கள். மரத்தடிக்குப் போகிற வேலை பெரும்பாலும் நின்றுவிடும்.

கேள்வி: 100 எம்.பி வேகம் என்று சொல்லி லைன் தந்தார்கள். படம் இறக்கும்போது 12க்கு மேல் ஏறுவதே இல்லை. ஏமாற்றுகிறார்களா? (களுவாஞ்சிகுடி)

இல்லை தம்பி, உங்களுக்குச் சரியாகத்தான் வருகிறது. கம்பனி சொல்வது மெகாபிட், கணினி காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ எட்டால் பிரித்தால் 12.5. இரவில் அது மூன்று நாலுக்கு இறங்கினால் மட்டும் சண்டைக்குப் போங்கள்.

கேள்வி: பேக்கேஜ் விலை என்று கடையில் சொன்னது ஒன்று, பில்லில் வருவது இன்னொன்று. மிச்சக் காசு யாருக்குப் போகுது? டவர் எல்லாம் கட்டி முடிந்து வருஷக்கணக்கு, விலை மட்டும் ஏன் ஏறுது? (கடைக்காரர், கல்முனை)

மிச்சக் காசில் பெரும் பங்கு அரசாங்கத்துக்கு. 2024 ஜனவரியிலிருந்து வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதம். அதோடு சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, செஸ் என்று சின்னச் சின்னதாகச் சேரும். ஒரு காலத்தில் இன்டர்நெட்டுக்கென்றே தனியாக 10 வீத தொலைத்தொடர்பு வரி இருந்தது. அதை 2017 செப்டெம்பர் 1இல் நீக்கினார்கள், அது நல்ல வேலை. ஆனால் வற் வரியை 2022இல் 8இலிருந்து 12, பிறகு 15, கடைசியில் 18 என்று ஏற்றினார்கள், அன்றைக்குக் கிடைத்த சலுகை அதிலேயே கரைந்துவிட்டது.

விலை ஏறிய கதையில் பெரிய நாள் 2022 செப்டெம்பர் 5. அன்றுதான் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு கைப்பேசி, வீட்டு லைன், இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் 20 வீதமும் கட்டண டீவிக்கு 25 வீதமும் கூட்டினார்கள். அதற்குச் சில மாதம் முன்தான் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியது, கம்பனிகளின் சாமான்கள் எல்லாம் டொலரில் வருபவை, டவர் ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லாத காலம் அது. அந்தக் கூட்டல் ஞாயம் என்றே வைத்துக்கொள்வோம். டொலர் பிறகு 300 அளவுக்கு இறங்கியபோது அதே அளவுக்கு விலை இறங்கியதா என்பதுதான் என் கேள்வி. ஏற்றுவதற்கு அனுமதி கொடுக்கிறவர்கள் இறக்குவதற்கும் ஒரு தேதி போட வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பு ஐந்து கைப்பேசிக் கம்பனி இருந்தது. 2018இல் ஹட்சும் எடிசலாட்டும் சேர்ந்தன, 2024இல் டயலொக்கும் எயார்டெல்லும் சேர்ந்தன. இப்போது மூன்று. நாடு சின்னது, ஐந்து கம்பனிக்கு இடமில்லை என்று சொல்லும் ஞாயமும் இருக்கிறது, ஒரே ஊரில் ஐந்து டவர் நிற்பது வீண் செலவு என்பதும் உண்மை. ஆனால் விற்பவர்கள் குறையக் குறைய பார்த்துக்கொள்ளும் ஆள் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

விலை கூட, குறைய என்பதை எதை வைத்து அளப்பது? ஐ.நா.வின் அகண்ட அலைவரிசை ஆணைக்குழு 2018இல் ஒரு இலக்கு வைத்தது: ஆரம்ப நிலை இன்டர்நெட்டின் விலை, நாட்டின் தலைக்குரிய மாத வருமானத்தில் 2 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 2025க்குள். இலங்கையில் டேட்டா மலிவு என்று சொல்கிறவர்கள் இந்த மாதிரிச் சராசரியைத்தான் காட்டுவார்கள். சராசரி கொழும்பையும் சேர்த்தது. 2016 அரசாங்கக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வறுமை 4.1 வீதமாக இருந்தபோது மட்டக்களப்பில் 11.3 வீதம். வயல் வெட்டு நடக்கும் நாளில் மட்டும் கூலி கிடைக்கிற குடும்பம் மாதக் கட்டணம் கட்டி ஃபைபர் எடுக்காது, கடையில் நூறு ரூபா ரீலோட் போட்டு ஒரு நாள் டேட்டா வாங்கும். கணக்குப் பார்த்தால் ஒரு ஜீ.பீ.க்கு அவர்கள் கொடுக்கும் விலை, மாதம் ஒன்றாகக் கட்டுகிற உத்தியோகத்தர் கொடுப்பதை விடப் பல மடங்கு. உங்கள் கடையில் ரீலோட் போட வருகிறவர்களைப் பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

கேள்வி: என் ராத்தா குவைத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தா. அந்தக் காலம் கார்ட் வாங்கித்தான் கால் எடுப்பா, ஐந்து நிமிஷத்தில் காசு முடிந்துவிடும். அந்தக் கால் காசில் ஒரு பங்கு கிராமங்களுக்கு போன் வசதி செய்ய எடுக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? (ஏறாவூர்)

உண்மை. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு, காசு கொடுத்தவர்களோ நம் பக்கத்தில்தான் அதிகம்.

2002 ஆகஸ்ட் வரை வெளிநாட்டு அழைப்புகள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அந்தத் தனியுரிமை முடிந்ததும் 2003இல் பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு அழைப்பு உரிமம் கொடுத்தார்கள். அப்போது உள்ளே வருகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு தொகை அறவிட ஏற்பாடு செய்தார்கள், தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் என்று பெயர். 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் அதற்கு சட்ட வடிவம் கொடுத்தது. கிராமங்களில் வசதி செய்து கொடுக்கும் நிறுவனம் அதில் ஒரு பகுதியைத் திருப்பிப் பெறலாம் என்பதுதான் யோசனை. நல்ல யோசனை. குவைத்திலும் ரியாத்திலும் கட்டாரிலும் இருந்து உம்மாவோடு பிள்ளையோடு கதைத்த ஒவ்வொரு நிமிஷத்திலும் அந்தக் காசு வெட்டப்பட்டது. உங்கள் ராத்தாவின் ஐந்து நிமிஷத்திலும்தான்.

வசூல் நடந்தது. ஊருக்குத் திரும்பி வருவது மிகவும் தாமதித்தது. கவரேஜ் இல்லாத கிராமங்களுக்கு டவர் கட்ட "கிராமத்துக்குத் தொடர்பாடல்" என்று ஆணைக்குழு ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது ஏறத்தாழ 2020 ஆகிவிட்டது, அதுவும் முதலில் இரத்தினபுரியில். நான் இரத்தினபுரிக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அங்கே மலைக்குள் இருக்கிற சனங்களும் நம்மைப் போலத்தான். ஆனால் காசு எந்த மாவட்டத்துப் பெண்களின் உழைப்பிலிருந்து வந்தது என்று ஒரு கணக்கு எடுத்திருந்தால் மட்டக்களப்பும் அம்பாறையும் பட்டியலின் தலைப்பில் நின்றிருக்க வேண்டும்.

இதே ஆணைக்குழுதான் கொழும்பில் 350 மீற்றர் உயரத்துக்குத் தாமரைக் கோபுரத்தையும் கட்டியது. சீனக் கடன், ஆணைக்குழுவின் காசு, எல்லாமாக 10 கோடி டொலருக்கு மேல். ஆணைக்குழுவுக்கு வருமானம் எங்கிருந்து? கம்பனிகள் கட்டும் உரிமக் கட்டணம், அலைவரிசைக் கட்டணம். கம்பனிகள் அதை எடுப்பது நம் பில்லில் இருந்து. அந்தக் காசில் கிரானுக்கு அங்கால், குடும்பிமலைப் பக்கம், கஞ்சிகுடிச்சாற்றுப் பக்கம் எத்தனை டவர் நட்டிருக்கலாம் என்று யோசிக்கும்போது எனக்கு மனது ஆறுவதே இல்லை.

இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பிலும் இமோவிலும் கதைக்கிறோம், அந்த நிமிஷங்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. அதனால் அந்த ஊற்றும் வற்றிக்கொண்டு வருகிறது. சேர்ந்த காசு எவ்வளவு, எங்கே போனது என்று கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது, அதைக் கீழே அக்கரைப்பற்று வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் படியுங்கள்.

கேள்வி: ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே, இனி டவரும் வேண்டாம் வயரும் வேண்டாம் என்கிறார்களே? (சம்மாந்துறை)

செயற்கைக்கோள் வழியாக வானத்திலிருந்து வருவதால் இடத்தைப் பார்க்காது என்பது சரி. பாணமைக் காட்டோரத்திலும் அறுகம்பையிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். அதற்காகத்தான் 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தை 2024இல் திருத்தினார்கள், அந்த ஆகஸ்டிலேயே உரிமம் கொடுத்தார்கள், 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. தொடங்கும்போது தட்டும் ரவுட்டரும் சேர்ந்து ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபா, மாதம் பதினையாயிரம், குறைந்த பேக்கேஜ் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். ஹோட்டல் நடத்துகிறவர், மீன் கம்பனி, ஆஸ்பத்திரி, இவர்களுக்குச் சரி. நாட்கூலிக் குடும்பத்துக்கு இது ஒரு பதிலே இல்லை. ஊரில் ஒன்று வாங்கிப் பத்து வீட்டுக்கு விற்கலாமே என்று நினைக்காதீர்கள், இன்டர்நெட்டை எடுத்து விற்பதற்கு உரிமம் வேண்டும், வீட்டுப் பேக்கேஜில் அதற்கு இடமில்லை. வயர் போகவே முடியாத ஒரு பாடசாலைக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் எடுத்துக் கொடுத்தால் அந்தக் காசு வீண் போகாது.

வானத்தை நம்பி நாம் ஏற்கெனவே ஒரு தடவை காத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? 2015இல் கூகுள் பலூன் பறக்கவிட்டு நாடு முழுவதும் இன்டர்நெட் தரப்போகிறது என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2016 பெப்ரவரியில் ஒரு பலூன் வந்து கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. அப்புறம் எந்த அலைவரிசையைக் கொடுப்பது என்பதில் சிக்கி நின்றது, 2021இல் கூகுள் தாய் நிறுவனம் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. அந்தக் காத்திருந்த வருஷங்களில் தரையில் தூண் நட்டிருந்தால் நட்டதுதான்.

கேள்வி: பல்கலைக்கழக மாணவி. யூடியூப் பேக்கேஜ், பேஸ்புக் பேக்கேஜ் எல்லாம் மலிவு. ஆனால் ஆய்வுக் கட்டுரை இறக்கப் போனால் மெயின் டேட்டா காலி. படிக்கிறவர்களுக்குத்தான் விலையா? (வந்தாறுமூலை)

மகள், நீங்கள் தொட்டது பெரிய விஷயம். இந்தியாவில் ஒரு தளத்துக்கு ஒரு விலை, இன்னொரு தளத்துக்கு வேறு விலை என்று டேட்டா விற்கக்கூடாது என்று அங்குள்ள ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2016 பெப்ரவரியில் தடை போட்டது. நம் நாட்டில் அப்படி ஒரு தடை இல்லாததால் செயலிக்கு ஒரு பேக்கேஜ் என்று தாராளமாக விற்கிறார்கள். மலிவாகத் தருவதை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு ஞாயம் உண்டு, பேஸ்புக் பேக்கேஜ் இல்லாவிட்டால் பல வீடுகளில் ஒன்றுமே இல்லை. எனக்கு வரும் பயம் வேறு. அந்தப் பேக்கேஜோடு வளர்கிற பிள்ளைக்கு இன்டர்நெட் என்றால் அந்த மூன்று செயலிதான், அதற்கு வெளியே ஒரு அகராதி, ஒரு பழைய பத்திரிகைத் தொகுப்பு, ஒரு வேலை விண்ணப்பப் படிவம் இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது.

கொரோனாக் காலத்தில் 2020இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பில் உள்ள பாடங்களை டேட்டா வெட்டாமல் பார்க்க விட்டார்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் எத்தனை பிள்ளைகள் அதனால் படிப்பை விடாமல் தப்பினார்கள் என்று உங்கள் விரிவுரையாளர்களைக் கேளுங்கள். அப்போது முடிந்தது பாடசாலைப் பிள்ளைகளுக்கு இப்போதும் முடியும். பாடப்புத்தகத் தளம், பரீட்சைத் திணைக்களத் தளம், பொது நூலகம், இவற்றுக்கு டேட்டா வெட்டக் கூடாது என்று ஒரு கட்டளை போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் டவர் கட்ட வந்தபோது புற்றுநோய் வரும் என்று சனம் திரண்டு நிறுத்திவிட்டோம். இப்போது சிக்னல் இல்லை என்று அதே சனம் பேசுகிறது. யார் சரி? (திருக்கோவில்)

பயந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு யாரும் வந்து விளக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கொங்கிறீட் போட்டால் சனத்துக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011இல் இந்த அலைகளை "சாத்தியம் இருக்கலாம்" என்ற வகையில் போட்டது உண்மை, நிரூபணமான வகையில் போடவில்லை. சர்வதேச வரம்பு 900 மெகாஹேர்ட்ஸில் சதுர மீற்றருக்கு 4.5 வாட், சனம் நடமாடும் இடத்தில் டவரிலிருந்து வருவது வழக்கமாக அதில் மிகச் சின்னப் பங்கு. இன்னொன்றையும் யோசியுங்கள்: டவர் தூரத்தில் இருந்தால் காதில் வைத்திருக்கிற கைப்பேசி தன் முழுச் சக்தியையும் போட்டுக் கத்தும். டவர் கிட்டே இருந்தால் அது மெதுவாகவே பேசும்.

ஆகவே டவர் வரட்டும். கட்டும் முன் ஊர்க் கூட்டம் வைக்க வேண்டும், கட்டிய பின் ஊர் ஆட்களை வைத்துக்கொண்டே கதிர்வீச்சை அளந்து அந்தத் தாளைப் பிரதேச செயலகத்தில் ஒட்ட வேண்டும். இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: லைன் பழுது என்று இருபது தடவை போன் பண்ணியாச்சு. இதற்கு மேல் யாரிடம் போவது? ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது என்கிறார்கள், அது நம் பக்கமா கம்பனி பக்கமா? (அக்கரைப்பற்று)

போன மாரியில் என் வீட்டு லைனும் 23 நாள் செத்துக் கிடந்தது. எந்தக் கம்பனி என்று எழுதப் போவதில்லை. நானே தூணடிக்குப் போய்ப் பார்த்தேன். இணைப்புப் பெட்டியின் மூடி ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது, உள்ளே முசுறு கூடு கட்டியிருக்கிறது, செப்புக் கம்பி களிம்பேறிப் பச்சையாகக் கிடக்கிறது. கடல் காற்றுக்கும் மாரி மழைக்கும் நடுவில் திறந்து கிடந்தால் வேறு என்ன ஆகும்? படம் எடுத்தேன். ஒவ்வொரு தடவை அழைத்த தேதி, நேரம், அவர்கள் கொடுத்த முறைப்பாட்டு இலக்கம், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். அந்தப் பக்கங்களைப் படத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் மேலிடத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் ஏணியோடு வந்தார்கள். போனில் சொல்வதற்கும் தாளில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

கம்பனி கேட்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1900 என்ற இலக்கம். தமிழிலேயே கதைக்கலாம், தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை.

யார் பக்கம் என்று கேட்டீர்கள். சட்டப்படி பாவனையாளரின் நலனைக் காப்பது அதன் கடமை. 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அமைப்பு அது. அதன் தலைவர் யார் என்று பாருங்கள்: அமைச்சின் செயலாளர். பணிப்பாளர் நாயகம் போக மற்ற மூன்று பேரை நியமிப்பதும் அமைச்சர். இன்னொரு பக்கத்தில் சிறிலங்கா டெலிகொம்மில் 49.5 வீதப் பங்கு திறைசேரிக்கு. ஆட்டத்தில் ஒரு குழு அரசாங்கத்தினது, மத்தியஸ்தரும் அரசாங்கத்தின் ஆள். அங்கே இருக்கிற உத்தியோகத்தர்கள் எவ்வளவு நேர்மையாக வேலை செய்தாலும் இந்த அமைப்பே அவர்களின் கையைக் கட்டுகிறது. தூண் யாருடையது, அதில் மற்றக் கம்பனி என்ன வாடகைக்கு வயர் கட்டலாம், கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பெரிய ஃபைபரை மற்றவர்களுக்கு என்ன விலைக்குக் கொடுக்க வேண்டும், இவற்றைத் தீர்க்கும் இடம் அதுதான். கடலடி கேபிள்கள் எல்லாம் கல்கிசை, கொழும்பு, மாத்தறை என்று தெற்கிலும் மேற்கிலும்தான் கரையேறுகின்றன, கிழக்கில் ஒன்றும் இல்லை. ஆகவே நமக்கு வரும் ஒவ்வொரு பிட்டும் நாட்டைக் குறுக்கே கடந்து வர வேண்டும். அந்தப் பாதைக்கு வாடகை கூடினால் இங்கே புதிதாக ஒரு சின்னக் கம்பனி தலையெடுக்கவே முடியாது. பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லும், அமைச்சர் நினைத்தால் மாற்ற முடியாத ஆணைக்குழு ஒன்று வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதுவரை கையில் இருக்கிற ஆயுதம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். ஆணைக்குழுவிடம் கேட்கலாம். அரசுக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள கம்பனியிடமும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் காரணம் கேட்க முடியாது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பொதுவாக "ஏன் எங்கள் ஊருக்கு இல்லை" என்று எழுதினால் பொதுவாகவே பதில் வரும். இப்படி எழுதுங்கள்: இன்ன பிரதேச செயலகப் பிரிவில் இன்ன கிராம சேவகர் பிரிவுகளுக்கு டவர் கட்ட எத்தனை விண்ணப்பம் வந்தது, எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில் எத்தனை மாதம் நின்றது. அபிவிருத்திக் கட்டணமாக 2003இலிருந்து வருஷா வருஷம் சேர்ந்தது எவ்வளவு, அதில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் செலவானது எவ்வளவு. ஏறாவூர் வாசகரும் இந்த இரண்டாவதைக் கேளுங்கள். பதில் வந்தால் பிரதி ஒன்றை நமக்கு அனுப்புங்கள், அப்படியே அச்சிடுவோம்.

கேள்வி: ரவுட்டரை வீட்டில் எங்கே வைப்பது நல்லது? (கோமாரி)

தகரக் கூரை என்றால் அறைக்குள் வைக்கவே வேண்டாம், தகரம் அலையைத் தடுத்துவிடும். அலுமாரிக்கு மேல் வைப்பதும் பிழை. டவர் இருக்கிற பக்கத்து ஜன்னலடியில், தரையிலிருந்து ஆறடி உயரத்தில் ஒரு பலகை அடித்து வையுங்கள், தாழ்வாரத்தில் மழை படாத இடம் இருந்தால் இன்னும் நல்லது. மின்னல் காலத்தில் இரவு படுக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.